பாதி ஓட்டு போதுமா?

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், பிரையண்ட் பூங்காவில் போட்டோ எடுப்பார்கள், தூண் பாறையில் பனி விலகக் காத்திருப்பார்கள், திரும்பும்போது சாக்லெட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். இதே மலையில் ஒரு காலத்தில் ஒரு முன்னாள் பிரதமர் காவலில் வைக்கப்பட்டிருந்தார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரதமரா என்று ஆச்சரியப்பட வேண்டாம். 1965 வரை ஜம்மு காஷ்மீர் அரசின் தலைவருக்கு 'பிரதமர்' என்றுதான் பெயர். 1948 முதல் 1953 வரை அந்தப் பதவியில் இருந்தவர் ஷேக் அப்துல்லா. 1953 ஆகஸ்டில் பதவியைப் பறித்துக் கைது செய்தார்கள். பல வருடச் சிறைக்குப் பிறகு வெளியே வந்தவரை, 1965 மே மாதம் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியபோது டெல்லி விமான நிலையத்திலேயே மறுபடியும் கைது செய்தார்கள். முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல். இங்கே கோஹினூர் என்ற பங்களாவில் அவரை வைத்திருந்தார்கள். தன் மக்களிடமிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்!

பிறகு காலம் மாறியது. 1975-ல் இந்திரா காந்தியோடு உடன்பாடு ஏற்பட்டது. பொது வாக்கெடுப்பு வேண்டும் என்ற பழைய கோரிக்கையை ஷேக் அப்துல்லா கைவிட்டார். ஜம்மு காஷ்மீர் மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார்.

2024 அக்டோபரில் அவருடைய பேரன் ஒமர் அப்துல்லா முதலமைச்சராகப் பதவி ஏற்றார். ஆனால் ஒரு வித்தியாசம். தாத்தா பதவி ஏற்றது ஒரு மாநிலத்துக்கு. பேரன் பதவி ஏற்றது ஒரு யூனியன் பிரதேசத்துக்கு. போலீஸும் சட்டம் ஒழுங்கும் பேரனின் கையில் இல்லை. அவை துணைநிலை ஆளுநரிடம், அதாவது டெல்லியிடம்.

மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பாதி அதிகாரம்தான். அப்படியானால் அந்த ஓட்டும் பாதி ஓட்டுதானே? இப்படிப்பட்ட பகுதிகளை என்ன செய்வது? முழு மாநிலம் ஆக்குவதா, தனி நாடாக விடுவதா, இப்படியே வைத்திருப்பதா?

யூனியன் பிரதேசம் என்றால் என்ன?

இந்தியாவில் 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். இந்த எட்டும் ஒரே மாதிரி இல்லை. டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் மூன்றுக்கும் சட்டமன்றம் உண்டு. லடாக், சண்டிகர், லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், தாத்ரா நகர் ஹவேலி மற்றும் டாமன் டையூ ஆகிய ஐந்துக்கும் அது இல்லை. இந்த ஐந்துக்கும் மாநிலங்களவையிலும் சொந்தமாக ஓர் இடம்கூடக் கிடையாது.

மாநிலத்தில் ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். யூனியன் பிரதேசத்தில் நிலைமை வேறு. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் மத்திய அரசு. ஆக, துணைநிலை ஆளுநரை நியமித்தவர்களே தீர்ப்பும் சொல்வார்கள். கிரிக்கெட்டில் பௌலிங் போடுபவரே அம்பயராகவும் இருந்தால் பேட்ஸ்மேன் என்ன செய்வார்?

பக்கத்து வீட்டுக் கதை

காஷ்மீர் தூரம். தமிழ் பேசும் மக்கள் இதே சிக்கலில் இருக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கும் இந்தியாவோடு சேர வேண்டுமா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் பொதுமக்கள் அல்ல. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வருடம் நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான வாசகம் உண்டு. இந்தப் பகுதிகளின் அரசியல் சட்ட நிலையில் பிற்பாடு மாற்றம் செய்வதானால், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்பதே அது.

மக்களின் விருப்பம் என்ன? 1979 ஜனவரியில் அது வெளிப்படையாகத் தெரிந்தது. புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்ற பேச்சு மொரார்ஜி தேசாய் ஆட்சியில் எழுந்தபோது அங்கே பெரும் போராட்டம் வெடித்தது. இணைப்பு கைவிடப்பட்டது. அதன்பிறகு மாநில அந்தஸ்து கேட்டு புதுச்சேரி சட்டமன்றம் பத்து முறைக்கு மேல் தீர்மானம் போட்டுவிட்டது. காங்கிரஸ், என்.ஆர். காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க. என்று மற்ற எல்லாவற்றிலும் சண்டை போடும் கட்சிகள் இந்த ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பேசுகின்றன.

ஏன் இந்தப் பிடிவாதம்? பதவி ஆசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அரிசி விஷயத்தைப் பாருங்கள். 2016 முதல் 2021 வரை முதலமைச்சர் நாராயணசாமி, துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. ஏழைகளுக்கு இலவச அரிசி கொடுக்க வேண்டும் என்றது அமைச்சரவை. அரிசி வேண்டாம், வங்கிக் கணக்கில் பணமாகப் போடுங்கள் என்றார் துணைநிலை ஆளுநர். விவகாரம் டெல்லிக்குப் போனது. டெல்லி பணம் என்றது. எது நல்லது என்பது வேறு விவாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ரேஷனில் அரிசி கிடைக்குமா, பணம் கிடைக்குமா என்பதை முடிவு செய்தவர் யாருடைய ஓட்டும் வாங்கியவர் அல்ல. முடிவு பிடிக்காத அம்மா அடுத்த தேர்தலில் யாரைத் தோற்கடிப்பார்?

நியமன எம்.எல்.ஏ. கதை இன்னும் விசித்திரம். புதுச்சேரி சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. மேலும் 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம். 2017-ல் அமைச்சரவையைக் கேட்காமலே மூன்று பா.ஜ.க.வினர் நியமிக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நியமனம் செல்லும், அவர்கள் ஓட்டும் போடலாம் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2021 பிப்ரவரியில் சில எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்து, நம்பிக்கை வாக்கெடுப்பில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது இந்த மூன்று பேரின் ஓட்டுரிமையும் பெரிய சர்ச்சையானது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் முப்பது பேர் கொண்ட சபையில் மூன்று ஓட்டு என்பது பத்தில் ஒரு பங்கு. தமிழ்நாட்டின் 234 பேர் கொண்ட சபையில் 23 பேரை டெல்லி நியமித்து ஓட்டும் போட வைத்தால் இங்கே யாராவது சும்மா இருப்பார்களா?

வரவும் செலவும்

காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அரசியல்வாதிகள் மேடையில் அதிகம் பேசாத கணக்கு இது.

மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரை செய்வது நிதிக்குழு. 14-வது நிதிக்குழு 42 சதவீதம் என்றது. 15-வது நிதிக்குழு அதை 41 சதவீதமாகக் குறைத்தது. காரணம், ஜம்மு காஷ்மீர் மாநிலமாக இல்லாமல் போனதுதான். யூனியன் பிரதேசம் இந்தப் பங்கீட்டில் வராது. அதற்கு வேண்டியதை மத்திய அரசு தன் பட்ஜெட்டிலிருந்து கொடுக்கும். கொடுப்பது மானியம். அது ஏறலாம், இறங்கலாம்.

இப்போது ஜி.எஸ்.டி.யைப் பாருங்கள். 2016-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, ஜி.எஸ்.டி. விஷயத்தில் 'மாநிலம்' என்ற சொல்லுக்குள் சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமும் அடங்கும் என்று எழுதினார்கள். அதனால் மாநிலங்களைப் போலவே புதுச்சேரியும் தன் விற்பனை வரி அதிகாரத்தைப் பொது ஏற்பாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது. ஜி.எஸ்.டி. கவுன்சிலிலும் உட்காருகிறது.

அதாவது, வரி அதிகாரத்தை விட்டுக்கொடுக்கும்போது புதுச்சேரி ஒரு மாநிலம். வரிப் பங்கு கேட்டுப் போனால் அது மாநிலம் இல்லை! பார்ட்னர்ஷிப் கணக்கில் ஒரு கூட்டாளியிடம் முதலீடு வாங்கும்போது 'நீ பார்ட்னர்' என்றும், லாபம் பிரிக்கும்போது 'நீ ஊழியர்தான், சம்பளம் பார்த்துத் தருகிறோம்' என்றும் சொன்னால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

இன்னொன்று. யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் 1963-ன்படி, புதுச்சேரியின் பட்ஜெட்டைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் பார்ப்பதற்கு முன்பு டெல்லி பார்க்க வேண்டும். ஆனால் 2007-ல் புதுச்சேரிக்குத் தனிக் கணக்கு தொடங்கப்பட்ட பிறகு வாங்கும் கடன் புதுச்சேரியின் பெயரில். வட்டி கட்டுவது புதுச்சேரி மக்கள். கடன் ஒருவர் தலையில், கையெழுத்து அதிகாரம் இன்னொருவர் கையில்.

சின்ன ஊருக்கு எதற்கு மாநிலம்?

மாநில அந்தஸ்தை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். சரி, 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம். புதுச்சேரியில் சுமார் 12.5 லட்சம் பேர். மிசோரமில் சுமார் 11 லட்சம். சிக்கிமில் சுமார் 6 லட்சம். புதுச்சேரியைவிட மக்கள் குறைவான மிசோரமும் சிக்கிமும் முழு மாநிலங்கள். ஜம்மு காஷ்மீரில் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறார்கள்.

நான்கு துண்டாகச் சிதறிக் கிடக்கிறதே, மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் இதே நான்கு துண்டுகளைத்தான் 1963 முதல் ஒரே சட்டமன்றம் நிர்வகிக்கிறது. மாநிலம் ஆனால் மாஹே இன்னும் தள்ளியா போய்விடும்?

எல்லைப் பகுதி, பாதுகாப்பு முக்கியம் என்பது காஷ்மீருக்கும் லடாக்குக்கும் சொல்லும் காரணம். பஞ்சாபும் ராஜஸ்தானும் பாகிஸ்தான் எல்லையில்தான் இருக்கின்றன. அருணாசலம் சீன எல்லையில் இருக்கிறது. எல்லாம் மாநிலங்கள்தான். ராணுவம் எப்படியும் மத்திய அரசிடம்தான் இருக்கிறது.

நிதி இழப்பு வரும் என்பதுதான் கொஞ்சம் வலுவான வாதம். மாநிலம் ஆகிவிட்டால் சம்பளம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் தானே சமாளிக்க வேண்டும், இப்போது கிடைக்கும் சில உதவிகள் நின்றுபோகும் என்பதை மறுக்க முடியாது. மாநில அந்தஸ்து வந்தால் பாலும் தேனும் ஓடும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார். ஆனால் இருபத்தொரு வயதுப் பையன் தனியாக வீடு எடுத்துப் போகும்போதும் செலவு கூடத்தான் செய்யும். செலவு கூடும் என்பதற்காக அவனை ஆயுள் முழுக்க மைனராகவே வைத்திருக்க முடியுமா?

அப்படியானால் தனி நாடா?

அரை உரிமை கசந்துபோனால் சிலருக்குத் தனி நாடு இனிப்பாகத் தெரியும். இதையும் வரலாற்றில் தேடிப் பார்ப்பது நல்லது.

மிசோரம் அப்போது அசாமின் ஒரு மாவட்டம். 1959-ல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பஞ்சம் வந்தது. தங்கள் பட்டினி தூரத்தில் இருந்த ஆட்சியாளர்களின் காதில் விழவில்லை என்ற கோபத்தில் மிசோ தேசிய முன்னணி வளர்ந்தது. 1966 மார்ச் 1 அன்று தனி நாடு என்று அறிவித்தது. சில நாளில் இந்திய விமானப்படை அய்ஸாலில் குண்டு போட்டது. இருபது வருடம் ரத்தம் சிந்தியது. 1986-ல் சமாதான ஒப்பந்தம், 1987 பிப்ரவரி 20 அன்று முழு மாநிலம். தனி நாடு கேட்டுத் துப்பாக்கி தூக்கிய லால்டெங்கா முதலமைச்சர் ஆனார். அதன்பிறகு மிசோரம் வடகிழக்கின் அமைதியான மாநிலங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. திராவிட நாடு கேட்ட தி.மு.க. 1963-ல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967-ல் ஆட்சிக்கே வந்தது. 1969-ல் மத்திய மாநில உறவுகளை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தது. பிரிவினை பேச்சு, அதிகாரப் பகிர்வு பேச்சாக மாறியது. ஓட்டுக்கு மதிப்பு இருந்ததால்தான் அந்த மாற்றம் நடந்தது.

உலகத்தில் வேறு இடத்திலும் மக்கள் இதே பக்கம்தான் சாய்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் கையில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அங்கே வசிக்கும்வரை ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. 2020-லும் 2024-லும் நடந்த வாக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவின் மாநிலம் ஆகவே விரும்பினார்கள். முடிவு எடுக்க வேண்டிய அமெரிக்கக் காங்கிரஸோ அதைக் கிடப்பில் போட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? முழு உரிமை கிடைத்த இடத்தில் பிரிவினை வாடிப்போகிறது. உரிமையைப் பிடித்து வைத்த இடத்தில்தான் அது துளிர்க்கிறது. மாநில அந்தஸ்து கொடுத்தால் நாடு உடையும் என்று பயப்படுகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

லடாக் இதற்குப் புதிய பாடம். 2019-ல் யூனியன் பிரதேசம் ஆனபோது லே நகரில் கொண்டாடினார்கள். ஸ்ரீநகரின் பிடியிலிருந்து விடுதலை என்று நினைத்தார்கள். பிறகுதான் சட்டமன்றம் இல்லை, நிலத்துக்கும் வேலைக்கும் பழைய பாதுகாப்பு இல்லை என்பது உறைத்தது. பௌத்தர் அதிகமுள்ள லேயும் முஸ்லிம்கள் அதிகமுள்ள கார்கிலும் கைகோத்து மாநில அந்தஸ்தும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டன. 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் போராட்டம் கலவரமாகி நான்கு பேர் உயிரிழந்தார்கள். கொண்டாடிய அதே ஊரில், ஆறே வருடத்தில்!

என்ன செய்யலாம்?

புதுச்சேரிக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் மாநில அந்தஸ்து, தேதி குறித்துக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஜம்மு காஷ்மீருக்கு மாநில அந்தஸ்தைச் சீக்கிரம் திருப்பித் தரச் சொன்னது. தேர்தலுக்குத் தேதி குறித்த அதே தீர்ப்பு இதற்குத் தேதி குறிக்கவில்லை. தேதி போடாத செக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது என்பதும் உண்மை. லட்சத்தீவில் 2011 கணக்குப்படி 64 ஆயிரம் பேர்தான். அங்கே மாநிலம் என்பது நடக்காத காரியம். ஆனால் அவர்களின் நிலத்தைப் பற்றிய விதிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையின் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று சட்டம் கொண்டுவரலாமே! டெல்லி தலைநகரம் என்பதால் அதற்கும் தனி ஏற்பாடு தேவைதான்.

அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவையும் திருத்த வேண்டும். ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றும் முன் அதன் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. சம்மதம் தேவையில்லை. 2019-ல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றமே இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சியில், சட்டமன்றத்தின் இடத்தில் இருந்து நாடாளுமன்றமே தனக்குத் தானே கருத்துச் சொல்லிக்கொண்டது. இன்று காஷ்மீர். நாளை எந்த மாநிலம் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஒன்று. இது டெல்லிக்கு மட்டும் சொல்லும் பாடம் இல்லை. சென்னைக்கும்தான்.

தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்கு 2011-ல் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் கொடைக்கானல் நகராட்சியில் கவுன்சிலர் கிடையாது, சேர்மன் கிடையாது. தனி அலுவலர்தான். தண்ணீர் வரவில்லை, குப்பை அள்ளவில்லை, சீசன் நேரத்தில் ரோடு அடைத்துக்கொள்கிறது என்று சொல்ல வேண்டுமானால், ஓட்டுக் கேட்டு வராத ஓர் அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். கீழே ஊராட்சிகளிலும் இதே கதை. 2025 ஜனவரியில் திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தலுக்குப் பதிலாக மறுபடியும் தனி அலுவலர்களைத்தான் நியமித்தார்கள். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் துணைநிலை ஆளுநர் இல்லை. ஆனால் தனி அலுவலர் இருக்கும் வருடங்களில் அந்த ஊர்க்காரரின் நிலைமையும் புதுச்சேரிக்காரரின் நிலைமையும் ஒன்றுதான்.

மாநில சுயாட்சி என்று டெல்லியிடம் கேட்கும் கட்சிகள், உள்ளாட்சியை மலையில் இருப்பவர்களுக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தால் அந்தக் கோஷத்துக்கு அர்த்தம் என்ன? மேலே கேட்கிற நியாயத்தைக் கீழேயும் கொடுக்க வேண்டும்.

பிரதிநிதித்துவம் என்பது ஓட்டுச் சாவடியில் விரலில் வைக்கும் மையோடு முடிந்துவிடுவதில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டார்களோ அவரால் முடிவு எடுக்க முடிய வேண்டும். முடிவு தவறானால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடிய வேண்டும். இந்த இரண்டில் எது இல்லையென்றாலும் அது பாதி ஓட்டுதான். பாதி ஓட்டு போட்டவனுக்கு வரி மட்டும் பாதியாகவா போடுகிறார்கள்?